கீழ்வீட்டு நெற்கதிரும் மேல்வீட்டுக் கூட்டுப்புழுவும்

எங்கள் கீழ்வீட்டுப் பால்கனியில் நெல் விளைந்திருந்தது. முதலில் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது. யாங்கோனுக்கு வந்து இறங்கிய இரண்டாம் வாரம். மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். நாலாம் மாடிக்காரர்கள் ஒரு கொத்து நெற்கதிரை அழகாகப் பின்னித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஏழெட்டுச் சிட்டுக்குருவிகள் அதில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு நெல்லை உரித்துத் தின்கின்றன. ஐயோ பாவம், பூஜைக்கென்று யாரோ வாங்கி வைத்த கதிர், வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது என்று எனக்குப் பதறிவிட்டது. மொட்டைமாடியில் வடகத்துக்குக் காவல் இருந்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து டங் டங்கென்று தட்டினேன். குருவிகள் பறந்தோடின. எனக்கோ பரம திருப்தி. புது இடத்தில் அக்கம்பக்கத்துக்கு ஒத்தாசையாக இருப்போமே என்று ஒரு வாரம், காலையும் மாலையும், அந்தச் சேவையைத் தவறாமல் செய்தேன்.

எட்டாம் நாள் ஒரு அம்மாள் வந்து கதவைத் தட்டினார். ஐம்பது வயது இருக்கும். கன்னத்தில் தனாகா என்னும் மரப்பட்டைச் சாந்துப் பூச்சு, கழுத்தில் அளவு நாடா, மூச்சு வாங்கியது மாடி ஏறியதாலா கோபத்தாலா தெரியவில்லை. "நான் கீழ்வீடு, வள்ளி" என்று தமிழிலேயே ஆரம்பித்தார்.

"ஏம்மா, குருவி மேல ஒனக்கு என்னா கோவம்? ஒரு வாரமா தட்டத் தட்டுற. அதுங்க திங்கத்தானே கதிரு கட்டி வுட்டுருக்கேன்? வர்றதையெல்லாம் வெரட்டி வுட்டா எனக்குக் குதோ எங்கேருந்து வரும்?"

குதோ என்றால் பர்மிய மொழியில் புண்ணியம். அறுவடை முடிந்ததும் இங்கே கடைத்தெருவில் கதிரைக் கொத்துக் கொத்தாகக் கட்டி விற்கிறார்கள்; அதை வாங்கிக் குருவிகளுக்கென்றே வாசலில் தொங்கவிடுவது வழக்கமாம். அரிசி வாங்கத் தெரிந்த எனக்கு, குருவிக்கென்று தனியாக நெல் வாங்குவார்கள் என்பது எப்படித் தெரியும்? அசடு வழிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் இளகவில்லை. போகும்போது, "ஒஞ் செடித் தண்ணியும் என் துணி மேலதான் ஊத்துது" என்று இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

குருவிகளை நான் விரட்டினேன் என்று என் பழைய அயல்வீட்டுக்காரர்கள் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இங்கே வருவதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் நாங்கள் இருந்தது வளைகுடாவில், பாலைவனத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில். வீட்டைச் சுற்றி ஆளுயர மதில், மதிலுக்கு வெளியே மணல், மணலுக்கு வெளியேயும் மணல். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, நாலு செம்பருத்தி வளர்த்தேன். பறவைகள் குடிக்க நிழலில் ஒரு மண் தட்டு வைத்தேன். அங்கே ஒரு கொண்டலாத்தி வந்து நடந்தால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. அடுப்பில் பால் பொங்கினாலும் அசைய மாட்டேன். தவிட்டுப்புறா ஜோடி, கொண்டைக்குருவி, தேன்சிட்டு என்று வந்த விருந்தாளிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கறிவேப்பிலைக்கு, எங்கிருந்துதான் மோப்பம் பிடித்ததோ, கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்ட எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். முட்டை புழுவாகும், புழு கூடாகும். ஆனால் கூட்டைப் பிளந்துகொண்டு பூச்சி வெளியே வருவதை மட்டும் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரு தடவை மணற்காற்று, ஒரு தடவை கொண்டைக்குருவி, ஒரு தடவை என் பகல் தூக்கம். கடைசித் தடவை எல்லாம் சரியாக அமைந்தது. கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் புள்ளிகள்கூடத் தெரிந்தன. ஆனால் அன்றைக்குத்தான் என் கணவருடைய வேலை முடிந்து நாங்கள் ஊருக்குக் கிளம்பும் நாள். வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "ஒரு பூச்சிக்காக ஃபிளைட்டை விடுவியா?" என்று இவர் கேட்டார். விட முடியவில்லை. விமானம் ஏறியும் அழுதேன், இவர் நான் வீட்டை நினைத்து அழுவதாக நினைத்துக்கொண்டார்.

இங்கே இவர் லைங் தாயாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர்; விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்து வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். எனக்குத் தோட்டம் என்று இருப்பது ஒரு பால்கனி, அதில் கறிவேப்பிலை நட்ட ஒரே தொட்டி. பறவைக்கு இங்கே பஞ்சமே இல்லை. மைனா, புறா, காகம் எல்லாம் வாடகை கொடுக்காமல் நம்மோடு குடியிருக்கின்றன. வண்ணத்துப்பூச்சிதான் ஐந்து மாடி ஏறி வருமா என்று சந்தேகமாக இருந்தது. போன மாதம் வந்தது. வந்ததும் முட்டையிட்டது. ஐந்து புழுக்களில் நாலைக் காகம் பார்த்துக்கொண்டது. மிஞ்சிய ஒன்று, கறிவேப்பிலையை மொட்டையடித்துவிட்டு, ஒருநாள் காலையில் தொட்டியில் இல்லை.

தேடித் தேடிப் பார்த்தால், ஐயா கயிற்றில் இறங்கிவிட்டார். இந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே மாடி வீடுகள் எல்லாவற்றிலும் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் ஒரு கவ்வி, மேல் நுனியில் ஒரு மணி. வியாபாரி கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பையைக் கவ்வியில் மாட்டிவிட்டால் நாம் இழுத்துக்கொள்ளலாம். என் புழு அந்தப் பச்சை நைலான் கயிற்றில் ஆறடி கீழே போய், சரியாக வள்ளியக்காவின் பால்கனிக்கு எதிரே, அவருடைய கண் உயரத்தில், இடுப்பில் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு கூடாக மாறிவிட்டது. இனி கயிற்றை இழுத்தால் கூடு கைப்பிடிச் சுவரில் மோதி நசுங்கும்.

மறுநாள் காலை அவித்த பட்டாணி விற்கும் கோ சோ வழக்கம்போலக் கயிற்றுக்குக் கையை நீட்டினார். நான் மேலிருந்து "வேண்டாம், வேண்டாம்" என்று அலறினேன். எனக்கு வந்த பர்மிய மொழி நாலு வார்த்தை. அதுவும் அவசரத்தில் ஓடிவிட்டது. கயிற்றைக் காட்டினேன், கையைக் குறுக்கே வைத்தேன், கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தேன். உள்ளே ஒன்று தூங்குகிறது, எழுப்பாதே என்பது நான் சொன்னது. அவர் முகம் வாடியது. தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் படுத்த படுக்கை என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார். மாலையில் இவர் வீடு திரும்பும்போது தெருவே ஒவ்வொருவராக நிறுத்தி, "நே கௌங் லா?", உடம்பு நல்லா இருக்கா என்று கேட்டதாம். டீக்கடைக்காரர் உட்காரச் சொல்லி நாற்காலியே போட்டாராம். "என்னடி சொல்லி வச்ச? எனக்கு என்ன ஆச்சு?" என்று இவர் கேட்டபோது சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிரிப்பு நின்றதும் கவலை பிடித்துக்கொண்டது. கூட்டுக்கும் கதிருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. நாள் முழுக்க அங்கே குருவிக் கூட்டம். சிட்டுக்குருவி நெல் மட்டுமா தின்னும்? பூச்சி கிடைத்தால் அதற்கு அசைவ விருந்தல்லவா! கதிரைக் கழற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். யாரிடம்? ஒரு வாரம் தட்டு தட்டிக் குருவியை விரட்டிய நான், வள்ளியக்காவிடம். இரண்டு முறை படி இறங்கி இரண்டு முறையும் திரும்பி ஏறினேன். மூன்றாம் முறை கதவு தானாகவே திறந்தது. "படியில யாரு நடக்குறான்னு பாத்தேன். வா" என்றார்.

உள்ளே தையல் மெஷின், தரையெல்லாம் கறுப்புத் துணி. பெண்கள் கட்டும் லுங்கியின் மேல்விளிம்பில் கறுப்பு இடுப்புப்பட்டி வைத்துத் தைப்பது அவர் வேலை. அவருடைய கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்கென்று வந்தவராம். கோயிலில் அவர் வள்ளியம்மா, அரசாங்கக் காகிதத்தில் டோ கின் கின் என்ற பர்மியப் பெயர். மகளிடம் தமிழில் கேட்டார், மகள் பர்மிய மொழியில் பதில் சொல்லிக்கொண்டே டீ கொண்டுவந்தாள். நான் பால்கனிக்கு அழைத்துப் போய்க் கூட்டைக் காட்டினேன். இலைத்துண்டு மாதிரி இருந்த அதை அவர் அதுவரை கவனிக்கவே இல்லை. பாலைவனத்துக் கதை முழுவதையும் சொன்னேன். டாக்சி ஹாரன் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கடைசியில், பத்து நாளைக்குக் கதிரைக் கழற்றி வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டேன்.

"அது முடியாதும்மா" என்றார் உடனே. "வாயில்லா ஜீவனுக்குப் போட்ட சோத்தப் பாதியில எடுக்கக் கூடாது."

எனக்கு முகம் செத்துப்போனது. டீயைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றேன். அவர் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, கதிரை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "எடுக்கத்தான் கூடாது, எடம் மாத்தலாம். ஒன் வூட்டுல கட்டு. என் குருவிக்கு நீ பாரு, ஒன் பூச்சிக்கு நான் பாக்குறேன். மறுபடியும் தட்ட எடுத்தியோ, தெரியும் சேதி!" காற்றில் கயிறு ஆடக் கூடாது என்று ஒரு கறுப்பு இடுப்புப்பட்டியைக் கிழித்துக் கயிற்றைத் தன் கம்பியோடு கட்டினார். தெருவில் தொங்கிய மீதிக் கயிற்றைச் சுருட்டி முடிந்தார். என் பட்டாணி அவருடைய கயிற்றில் ஏறியது. அதை வாங்க நான் தினமும் ஒரு மாடி இறங்கினேன்.

ஒன்பதாம் நாள் காலை கூடு கறுத்துவிட்டது. நான் வள்ளியக்கா வீட்டுப் பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கரண்ட் இல்லாததால் தெருவெங்கும் ஜெனரேட்டர் சத்தம். அவரும் மெஷினை விட்டு எழுந்து வந்தார். சரியாக அந்த நேரம் என் போன் அடித்தது, இவர். வேலையில் ஏதோ, மறுபடியும் மூட்டை கட்டச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். "வந்துடுச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான். "இல்ல, வைங்க போனை!" என்று கத்தினேன்.

முதலில் ஒரு கீறல். பிறகு தலை. பிறகு நனைந்து கசங்கிய துணிபோல ஒரு உருண்டை வெளியே வந்து கயிற்றைப் பற்றிக்கொண்டது. "ஐயே, இதுக்கா இவ்ளோ பாடு?" என்றார் வள்ளியக்கா. "இருங்கக்கா, இருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இறக்கைகள் மெல்ல மெல்ல நீண்டன. கறுப்பு விரிந்தது, மஞ்சள் விரிந்தது, கீழே சிவப்பாக ஒரு பொட்டு. முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பறந்தது. தகரக் கூரைகளின் மேல் ஏறி ரயில் பாதைப் பக்கம் போய் மறைந்தது. நான் வாய்விட்டு அழுதேன். வள்ளியக்கா பட்டித் துணியாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டு, "சாது, சாது, சாது" என்று மூன்று முறை சொன்னார். நல்ல காரியம் முடிந்தால் இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கையோடு தெருவில் நின்ற கோ சோவுக்கும் சங்கதியைப் பர்மிய மொழியில் கத்திச் சொன்னார். ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் காதில் என்ன விழுந்ததோ, என் கணவர் பிழைத்துக்கொண்டார் என்பதில் அவருக்கு ஏகச் சந்தோஷம்.

காலிக் கூடு இன்னும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. கறுப்பு முடிச்சை அவிழ்க்க அவர் விடவில்லை. தெருவுக்கென்று நான் வேறு கயிறு வாங்கிக் கட்டினேன். கதிர் தீர்ந்ததும் புதுக்கதிர் வாங்கி வந்து என் பால்கனியிலேயே கட்டினார், குருவிகளுக்கு இந்த வீடு பழகிவிட்டதாம். இவருடைய ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிப்பது. அடுத்த வருடம் எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரிலிருந்து தங்கை போனில், "எப்பக்கா வீட்டுக்கு வர்றே?" என்று கேட்கும்போது முன்பெல்லாம் தேதி சொல்வேன். நேற்றும் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தபோது பழைய கயிற்றின் மணி அடித்தது. தெருவிலிருந்து அல்ல, நாலாம் மாடியிலிருந்து, கூடு அசையாத அளவுக்கு மெதுவாக ஒரு இழுப்பு. டீ ரெடி என்று அர்த்தம். "வரேன், வரேன்" என்றேன். தங்கை தனக்குச் சொன்ன பதில் என்று நினைத்துச் சந்தோஷமாகப் போனை வைத்தாள்.