எண்ணூற்றைம்பது டிகிரியும் ஒரு மெமோவும்

மெமோவில் இருந்தது ஒரே வரி. "கிரிஸ்டலை அசுத்தமான கையால் தொட்டதால் மூன்று சோதனைகள் வீண்." அறுபதுகளின் பிற்பகுதி. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் நான் டெக்னீஷியன், இன்னும் பர்மனெண்ட் ஆகாதவன். அந்த வரி ஃபைலில் நின்றால் வேலை போய்விடும். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தார். லிங்கராஜபுரத்து வாடகை வீட்டில் என்னை நம்பி ஐந்து பேர்.

எங்கள் கூடத்தில் கிரிஸ்டலை யாரும் வெறுங்கையால் தொடுவதில்லை. கையுறை போட்டு, இடுக்கியால்தான் எடுப்போம். மெமோ எழுதிய எங்கள் விஞ்ஞானி டாக்டருக்கும் இது தெரியும். மற்றவர்களுக்கு இல்லாத அசுத்தம் எனக்கு மட்டும் எப்படி வந்தது? நான் எந்தச் சனத்தில் பிறந்தவன் என்று அவர் விசாரித்து வைத்திருந்தார். அவர் சொன்ன அசுத்தம் அந்தச் சாதியிலிருந்து வந்தது.

வேலை இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்த வேக்கம் சேம்பருக்குள் அந்தக் கிரிஸ்டலில், அதாவது ஒரு சிலிக்கன் துண்டில், கரண்ட் பாய்ச்சிச் சூடேற்றுவோம். ஆயிரத்து இருநூறு டிகிரியில் மேலே ஒட்டிய அழுக்கெல்லாம் போய்விடும். பிறகு எலக்ட்ரான்களை அதன்மேல் விட்டால், மேற்பரப்பில் அணுக்கள் நிற்கும் வரிசை திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். பெரிய புள்ளிகளுக்கு நடுவே சின்னப் புள்ளிகள் வரவேண்டும். காலை ஷிப்டில் வந்தன. மாலையில் வரவில்லை. மாலை ஷிப்டு என்னுடையது.

மெமோவுக்கு இரண்டு நாள் கழித்து டாக்டர் தன் கையாலேயே துண்டை மாட்டினார். அன்று மாலையும் சின்னப் புள்ளிகள் இல்லை.

"சேம்பரையே கெடுத்து வச்சிருக்கேப்பா நீ," என்றார்.

ஆனால் அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் சூடேற்றி முடிக்கும் நேரம், நாலரைக்குச் சங்கு ஊதியதும், எலக்ட்ரீஷியன் மஸ்தான் பாய் துண்டுக்குக் கரண்ட் போகும் ஹீட்டர் லைனை ஆஃப் செய்வார். அது ஆபீஸ் ரூல். துண்டு சட்டென்று ஆறிவிடும். காலையிலோ கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள்.

மறுநாள் பாயிடம் போனேன். "பாய், இன்னிக்கு ஒரு பத்து நிமிஷம் லைன விட்டு வைங்க."

"எனக்கும் மெமோ குடுத்துருவாங்க தம்பி."

"நான்தான் சொன்னேன்னு எழுதிக் குடுக்கறேன்."

"பத்தே நிமிஷம். அதுக்கு மேல நம்மால ஆகாது."

அன்று மாலை சேம்பரைத் திறக்கவில்லை. டாக்டர் மாட்டிய அதே துண்டு. டாக்டரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு சூடேற்றி, மெதுவாக இறக்கினேன். எண்ணூற்றைம்பது டிகிரி வாக்கில் சின்னப் புள்ளிகள் மங்கலாகத் தலைகாட்டி, இறங்க இறங்கத் தெளிந்தன. அந்தச் சூட்டுக்கு மேல் அணுக்களின் வரிசை கலைந்துவிடுகிறது. மெதுவாக ஆறினால் திரும்ப வரிசைக்கு வருகின்றன. சட்டென்று ஆறினால் கலைந்தபடியே நின்றுவிடுகின்றன. கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டாக்டர் திரையைப் படமெடுக்கக் கேமராவைக் கொண்டுவரச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், மெமோ?" என்றேன்.

"அதான் புள்ளி வந்துடுச்சே, விடேன்ப்பா."

"ஃபைல்ல அந்த வரி இருக்கே சார். தப்புன்னு எழுதிக் குடுங்க."

மறுநாள் கடிதம் தந்தார். "ஊழியர் தற்போது சுத்தத்தைக் கடைப்பிடிப்பதால் மெமோ ரத்து செய்யப்படுகிறது." இரண்டு தடவை படித்தேன்.

"சைன் பண்ணு. பர்மனெண்ட் ஆர்டர் பின்னாடியே வருது," என்று பேனாவை நீட்டினார்.

வீட்டில் இருந்த ஐந்து பேரை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இப்படி ஒரு தாள் வந்தால், "பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு அன்று அந்தத் தைரியம் இல்லை. மாலையில் லைனை ஆஃப் செய்யும் ரூலை அந்த மாதமே மாற்றினார்கள். என் ஃபைலில் மட்டும், அழுக்குக் கையோடு வந்து திருந்தியவனாகவே நான் ரிடையர் ஆனேன்.