பதினேழாம் நம்பர் வாசகி

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசைக்கு ஒரு வாடை உண்டு. புளித்த கஞ்சியும் துருப்பிடித்த தகரமும் சேர்ந்தாற்போல மூக்கில் ஏறி, கொஞ்ச நேரம் நாக்கிலும் உட்கார்ந்திருக்கும். சங்கராபுரம் கடைவீதியிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முனையில் இருந்த தேவராசு அண்ணனின் பைண்டிங் கடையில்தான் நான் என் சின்ன வயதுக் கதைகளையெல்லாம் வாங்கிப் படித்தேன் என்பதால், எனக்கு ராஜா ராணிக் கதைக்கும் அதே வாடை, கொலைக் கதைக்கும் அதே வாடை, நட்சத்திரத்துக்குக் கப்பல் விட்ட கதைக்கும் அதே வாடைதான்.

ரெஜிஸ்டர் தைப்பதும் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுவதும் தேவராசு அண்ணனுக்குப் பிழைப்பு. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, காலிக்கோ துணி ஒட்டித் தைத்து, ஊராருக்குப் படிக்கக் கொடுப்பது அவருடைய ஆசை. இப்படித் தைத்த கதைக்கு எங்கள் ஊரில் "பைண்டு" என்று பெயர். "கப்பல் பைண்டு ஆறாவது யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கே ஆள் அனுப்புவார்கள். அந்தக் கப்பல் கதை மட்டும் ஒன்பது பைண்டு. பூமியிலிருந்து புறப்பட்டு எங்கேயோ இருக்கிற இன்னொரு சூரியனுக்குப் போகிற கூட்டத்தைப் பற்றியது.

வேறு எந்த ஊரிலும் நான் பார்க்காத ஒரு வழக்கம் அந்தக் கடையில் இருந்தது. ஒவ்வொரு பைண்டின் கடைசியிலும் கோடு போட்ட தாள் நான்கைச் சேர்த்துத் தைத்துவிடுவார். அதற்கு "அபிப்பிராயத் தாள்" என்று பெயர். படித்தவர்கள் தங்களுக்குத் தோன்றியதை அதில் எழுதலாம். எழுதினவர்களுக்கு அடுத்தவர்கள் பதிலும் எழுதலாம். சட்டம் இரண்டுதான். கதையின் முடிவைச் சொல்லக் கூடாது. பெயர் போடக் கூடாது, பைண்டு வாங்குவதற்குக் கடையில் கொடுக்கிற கார்டின் நம்பர் மட்டும் போடவேண்டும். யாருக்கு எந்த நம்பர் என்பது அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் வாயைத் திறக்கமாட்டார்.

"பேரு போட்டா ஆளப் பாத்துட்டு படிப்பாங்க. நம்பரு போட்டா எழுதனத மட்டும் படிப்பாங்க" என்பார்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது, என் நம்பர் நாற்பத்தொன்று. களைவெட்டிவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிற என் அம்மாவுக்கு நான் சதா பைண்டும் கையுமாக இருப்பது பிடிக்காது. "படிக்கிறதோட நிக்காம எழுத வேற எழுதற, யாரு ஒன்ன கேட்டாங்க?" என்று திட்டுவாள். யாரும் கேட்கவில்லைதான். ஆனால் அந்த நான்கு தாளில் ஊர் எனக்கு வேறாகத் தெரிந்தது. நான்காம் நம்பர் எல்லாக் கதைக்கும் "அருமை, விறுவிறுப்பு" என்று இரண்டே வார்த்தை எழுதுவார். கதையைப் படித்தாரா என்றே சந்தேகம். இருபத்தாறாம் நம்பருக்குக் கதாநாயகன் எவனைக் கண்டாலும் ஆகாது, ஒழுக்கம் போதாது என்று ஒரு பாட்டம் பிரசங்கம் வைப்பார். பதினேழாம் நம்பர் எழுதினதைத்தான் நான் கதையைப் படிப்பதற்கு முன்னாலேயே தேடிப் பிடித்துப் படிப்பேன்.

பர்மாவுக்குப் போன புருஷனுக்காக இருபது வருஷம் காத்திருந்த பெண்ணைப் பற்றிய பழைய நாவல் ஒன்று இருந்தது. ஊரே அந்தப் பெண்ணைக் கும்பிட்டு எழுதியிருந்தது, நான்காம் நம்பர்கூட அதற்கு மூன்று வார்த்தை செலவழித்திருந்தார். அதன் கீழே பதினேழாம் நம்பர் எழுதியிருந்ததை நான் மனப்பாடமே செய்துவிட்டேன்: "காத்திருந்தாள் காத்திருந்தாள் என்று எல்லாரும் மெச்சுகிறீர்கள். அவளுக்குச் சோறு இறங்கியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாக இருந்தால் மூன்றாம் மாதமே பெட்டியைக் கட்டியிருப்பேன்." இருபத்தாறாம் நம்பர் இதற்குப் பதிலாக ஒரு முழுப்பக்கம் கொதித்திருந்தார். நான் அவருக்குக் கீழே, பதினேழு சொல்வதுதான் சரி என்று இரண்டு வரி எழுதினேன். அடுத்த முறை அந்தப் பைண்டு சுற்றி வந்தபோது, "நாற்பத்தொன்று சின்ன வயசுக்காரர் போலிருக்கிறது. ஆனால் கண் இருக்கிறது" என்று பதினேழாம் நம்பர் எனக்குப் பதில் எழுதியிருந்தது. அதுவரை ஒருவரும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றிலிருந்து அந்த ஆள் யாரென்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காமல் போயிற்று.

ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். ரோசி அக்கா. வெள்ளிமலையில் ஒரு விடுதியில் வார்டனாக இருந்தவரின் மகள், மலையிலேயே வளர்ந்தவர். ஸ்டீபன் மாமாவைக் கட்டிக்கொண்டு கீழே வந்து மூன்று வருஷமாகியிருந்தது. மாமா ஆபீஸ் உத்தியோகம், அதிர்ந்து பேசாத மனுஷர். அக்கா பைண்டு வாங்கிப் படிப்பது அவருக்குத் தெரியும், அதில் அவருக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. பின்னால் இருக்கும் தாளைப் பற்றித்தான் அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் ஒரு பைண்டையும் திறந்து பார்த்ததில்லை.

கப்பல் கதையின் ஐந்தாவது பைண்டில் கப்பலுக்குள் நெல் பயிரிட்டுத் தண்ணீர் போதாமல் எல்லாரும் பட்டினி கிடப்பார்கள். "ஆசிரியருக்கு மலைப் பயிர் தெரியாது போலிருக்கிறது. சாமை விதைத்திருக்கலாம். கையளவு மண் இருந்தால் போதும், கம்மித் தண்ணீரில் வந்துவிடும்" என்று பதினேழாம் நம்பர் எழுதியிருந்தது. நான் அதைப் படித்துச் சிரித்த அதே வாரம் குழாயடியில், மழை பொய்த்துப்போனதைப் பற்றி அம்மா புலம்பிக்கொண்டிருந்தபோது, ரோசி அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்கள்:

"சாமை போட்டா இந்தக் கஷ்டம் இல்லீங்கக்கா. கையளவு மண்ணு இருந்தா போதும், கம்மித் தண்ணியில வந்துடும்."

என் கையிலிருந்த குடம் நிரம்பி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

வேறு பிள்ளையாக இருந்தால் ஓடிப்போய் அக்காவின் காதோடு கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை ஒருத்தியிடம் மட்டும் சொல்லித் தீர்ப்பதா என்று மூன்று நாள் வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த மத்தியானம், மாமாவின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கள்ளக்குறிச்சியிலிருந்து சாப்பிட வந்திருப்பதைப் பார்த்ததும், ஆறாவது பைண்டைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

"மாமா, தெரியுமா ஒங்களுக்கு? நம்ம அக்காதான் பதினேழு."

ரோசி அக்கா கையில் குழம்புச் சட்டியோடு நின்றார்கள். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடையை, தாளை, நம்பரை, அக்கா எழுதுவதைப் படிப்பதற்காகவே ஊரில் எத்தனை பேர் பைண்டு வாங்குகிறார்கள் என்பதை எல்லாம் நான் மூச்சுவிடாமல் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நம்ம வூட்ல ஒரு எழுத்தாளரு இருக்காங்க, எனக்கே தெரியல பாரு. படி பாப்பா, கேப்போம்."

"வேணாங்க, கொழந்த ஏதோ சொல்லிக்கினு இருக்குது" என்று அக்கா சொன்னார்கள். அந்தக் குரலைக் கேட்டே நான் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் நான் கோயிலில் வேத வாசகம் வாசிக்கிறவள். நிறுத்தி நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசிப்பேன் என்று பெயர் வாங்கினவள். அதே குரலில் வாசித்தேன்.

"இந்தக் கப்பலில் ஏறினவர்கள் போய்ச் சேரப்போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இறங்கப்போகிறார்கள். நடுவில் பிறந்து நடுவிலேயே சாகிறவர்களிடம், உங்களுக்கு இது சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டிக்கொடுத்து அனுப்பின பெண்ணும் அப்படித்தான். கதவைச் சாத்தினது யாரோ, சாவி யாரிடமோ. ஜன்னலில் தெரிகிறதைப் பார்த்து, நன்றாக இருக்கிறது நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்."

படித்து முடித்து நிமிர்ந்தேன். மாமாவின் அக்கா இலையில் கையை வைத்தபடி, "நம்ம வூட்ல இன்னா கொறச்சலாம் இவளுக்கு?" என்று தன் தம்பியைப் பார்த்துக் கேட்டார். மாமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "வேற எதுனா எழுதியிருக்காங்களா பாப்பா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவில் நான் ஏமாந்தேன். இருக்கிறதே என்று சொல்லி, பர்மாக் கதைக்கு எழுதினதை, பெட்டியைக் கட்டியிருப்பேன் என்பது வரைக்கும், மனப்பாடமாக ஒப்பித்தேன்.

 ரோசி அக்கா சட்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். "நல்லா படிக்கிற. போ, அம்மா தேடுவாங்க" என்றார் மாமா.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் கடைக்குப் போனபோது மாமா அங்கே நின்றுகொண்டிருந்தார். பதினேழாம் நம்பர் எழுதின தாளெல்லாம் தனக்கு வேண்டும் என்று, சண்டையில்லாமல், ஆபீஸில் பேசுகிற மாதிரி மரியாதையாகக் கேட்டார். நம்பர் யாருடையது என்று சொல்கிற வழக்கமில்லை என்றார் தேவராசு அண்ணன்.

"நான் அத கேக்கலியே. அதான் தெருவே சொல்லிக்கினு இருக்குதே. என் வூட்டு எழுத்து ஊர்ல சுத்துறது எனக்கு வேணாம், அவ்வளவுதான்."

 அண்ணன் ஒவ்வொரு பைண்டாக எடுத்து, தாள் வெட்ட வைத்திருந்த கத்தியால் தானே அந்தத் தாள்களை அறுத்து அறுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு பைண்டு. ஒரே தாளில் எல்லாரும் எழுதுகிற வழக்கம் என்பதால் நான்காம் நம்பரும், இருபத்தாறாம் நம்பரின் கொதிப்பும், எனக்குக் கண் இருக்கிறது என்று எழுதின வரியும் சேர்ந்தே போயின. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பதினேழாம் நம்பர் கார்டையும் மாமா மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் என்னைக் கேட்டது ஒன்றுதான்.

"நீயா சொன்ன?"

தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. "ஆளு தெரியாம இருக்கறதுக்குத்தான் பாப்பா நம்பரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பசைச் சட்டியைக் கிளறப் போய்விட்டார். வீட்டில் அம்மாதான் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஒன் கெட்டிக்காரத்தனத்த காட்ட ஒனக்கு வேற வூடே கெடைக்கலியா? அவ அந்தாளுகூட இருந்து காலம் தள்ளணும்டீ" என்று அவள் சொன்னபோதுதான் நான் செய்த காரியத்தின் அளவு எனக்குத் தெரிந்தது. அழுதேன். அழுது என்ன செய்ய.

அண்ணன் விடாமல் புதிய தாள் சேர்த்துத் தைத்தார். ஏழாவது பைண்டு என் கைக்கு வந்தபோது, எனக்கு முன்னால் இருபது பேராவது படித்திருந்தும், நான்கு தாளும் வெள்ளையாகவே இருந்தன. எட்டாவதிலும் அப்படித்தான். நம்பர் ஒருநாள் பெயராகிவிடும் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் யாருக்குப் பேனாவை எடுக்கத் துணிவு வரும்? ஒன்பதாவதில் அண்ணனே தாள் வைக்கவில்லை. ரோசி அக்கா குழாயடிக்கு வருகிற நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். எதிரே பார்த்தால் எப்போதும்போல் சிரிப்பார்கள், ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அடுத்த வருஷம் மாமாவுக்குத் திருநாவலூர்ப் பக்கம் மாற்றலாகி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். தேவராசு அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். பைண்டுகள் எடைக்குப் போயின என்று கேள்வி. நானும் ஒரு வாசகர் குழுவில் இருக்கிறேன், வாட்சப்பில். பழைய நாவலானாலும் விண்வெளித் தொடரானாலும் நாளுக்கு நூறு அபிப்பிராயம் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் மேலே பெயரும் சிரித்த முகமும் இருக்கிறது. நானும் என் பெயர் போட்டு, பார்த்துப் பார்த்து, யார் மனமும் நோகாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் படிக்கத் தகுந்தது ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரியும்.

போன மாதம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ரோசி அக்காவைப் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டது அவர்கள்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. மாமா இறந்து இரண்டு வருஷமாகிறதாம். இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வாய்க்கு வரவில்லை, அதற்குப் பதிலாக, "அப்புறம் எழுதவே இல்லியாக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அவுரு ரெண்டு நாளு பேசாம இருந்தாரு, அப்புறம் மறந்துட்டாரு. எனக்குத்தான் முடியல. யாரோ ஒருத்தியா இருந்தப்ப எழுத வந்துச்சி. நானுன்னு ஆனப்புறம் கை ஓடல" என்றார்கள்.

 பஸ்ஸுக்கு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"ஆனா அன்னிக்கி நீ நல்லாத்தான் படிச்ச பாப்பா. நான் எழுதனத ஒருத்தரு வாயால கேட்டது அந்த ஒரு தடவதான். பயந்துக்கினு கொழம்புச் சட்டியோட நின்னேன், ஆனா ஒரு வார்த்த வுடாம கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.