மெட்ராஸ் புத்தகம் சொன்ன பங்கு

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் குடியிருந்தோம். வக்கீல் லைசென்ஸ் என் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தலைக்கனம் மட்டும் முப்பது வருட அனுபவக்காரிக்கு உள்ளது!

பல்கலைக்கழகங்கள் அடிக்கடி மூடிக் கிடந்த காலம் அது. நான் சட்டம் படித்ததே தபால் வழியில்தான். பாடமெல்லாம் பர்மிய மொழியில், பழைய தீர்ப்புகள் ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ் பேசுவோமே தவிர, சட்டத்தைத் தமிழில் சொல்ல எனக்கு வாயே வராது. ஜீவனாம்சம், வாரிசுரிமை என்ற சொற்களையே நான் கேட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது, மெட்ராஸிலிருந்து வந்த சித்தி கொண்டுவந்த ஒரு புத்தகம். பெண்களுக்கான சட்டத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் தமிழ்ப் புத்தகம். அதைப் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். இந்துக் குடும்பம், ஐம்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். அப்பா உயில் எதுவும் எழுதாமல் போய்விட்டார். ஒரே தம்பி அப்பாவின் வீட்டை விற்க ஏற்பாடு செய்தார். புதிதாக வாங்கும் வீட்டில் அக்காவுக்குச் சாகும்வரை ஓர் அறையும் சாப்பாடும் தருவதாக ஒரு பத்திரமும் எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கையெழுத்துப் போடலாமா வக்கீலம்மா?"

புத்தகத்தில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். இந்து மகளுக்கு மகனோடு சமபங்கு. போதாததற்கு, எங்கள் அப்பா இறந்தபோது எனக்கும் என் அண்ணனுக்கும் சரிபாதிதான் வந்தது. எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு இங்கே சட்டமே அப்படித்தான். பிறகென்ன சந்தேகம்?

"போடாதீங்கக்கா. அவர் என்ன உங்களுக்கு அறை குடுக்கிறது? பாதி வீடே உங்களுடையது" என்றேன்.

அக்காவுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். நேராகப் போய் பத்திரத்தைத் தம்பி முன்னால் கிழித்துப் போட்டிருக்கிறார். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி அறையும் கிடையாது, மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டார்.

நான் கொஞ்சமும் அசரவில்லை. மனுவை எழுதி எடுத்துக்கொண்டு பன்சோடான் தெருவுக்குப் போனேன். நடைபாதையில் குடை விரித்து, டைப்ரைட்டர் வைத்து, கோர்ட்டுக்கான மனுக்களை அடித்துத் தருவார்கள். என் மனுவை வாங்கியவர் என் வயதுக்காரர்தான், பர்மியர். இரண்டாவது பக்கத்தில் கை நின்றது.

"ஸயாமா, இது இந்துக் குடும்பமா?" என்று கேட்டார். பெண் வக்கீலை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"ஆமாம், ஏன்?"

"மகன் இருந்தால் மகளுக்குப் பங்கு வராதே. எத்தனை மனு அடித்திருக்கிறேன்! நீங்கள் எழுதியிருக்கும் சட்டம் எந்த ஊருடையது?"

எனக்குச் சுருக்கென்றது. நூலகத்துக்கு ஓடிப் பழைய தீர்ப்புகளைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. இந்துப் பெண்களுக்குப் பங்கு கொடுத்த சட்டம் சுதந்திர இந்தியா தனக்காகப் போட்டுக்கொண்டது. அது கடலைத் தாண்டி எங்களிடம் வரவே இல்லை. எங்கள் ஊர் இந்துக்களுக்கு இன்னும் அந்தப் பழைய முறைதான். கல்யாணமாகாத மகளுக்குச் சோறும் தங்க இடமும் உண்டு, அவ்வளவுதான். அதாவது, வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைந்தால் எது கிடைக்குமோ, அதைத்தான் தம்பி பத்திரமாக எழுதி நீட்டியிருந்தார். அதைத்தான் நான் கிழிக்க வைத்திருந்தேன்.

மழையில் நனைந்துகொண்டே அக்கா வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வக்கீலம்மா" என்றார். அப்புறம் மறுபடியும் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

அங்கிருந்து தம்பி வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது, அக்காவைத் தண்டிக்காதீர்கள், பழைய பத்திரத்தையே திரும்ப எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மனைவி பர்மியப் பெண், புத்த மதம். இரண்டு மகள், ஒரு மகன். நாங்கள் தமிழில் பேசியது அந்த அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. என்ன விஷயம் என்று என்னிடம் பர்மிய மொழியில் கேட்டார். சொன்னேன்.

"மகளாய்ப் பிறந்தால் ஒன்றுமே இல்லையா? அப்படியென்றால் என் பெண்களுக்கு?"

"உங்கள் பெண்களுக்குக் கிடைக்கும். நீங்கள் புத்த மதத்துப் பெண் என்பதால் உங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது" என்றேன்.

அந்த அம்மா கணவரைப் பார்த்துக் கேட்டார்: "ஒரே குடும்பம். என் பெண்களுக்கு உண்டு, அவர்களுடைய அத்தைக்குக் கிடையாதா? உங்கள் அப்பாவுக்கு மலஜலம் எடுத்தது யார், நீங்களா?"

நான் மெதுவாக எழுந்து வந்துவிட்டேன். அடுத்த பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வீட்டில் மூட்டை கட்டி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பதினோராவது நாள் அக்காவும் தம்பி மனைவியும் சேர்ந்தே என் வீட்டுக்கு வந்தார்கள். வீடு விற்பதில் மாற்றமில்லை. ஆனால் வரும் பணத்தில் அடுத்த தெருவில் சின்னதாக ஒரு தரைத்தள வீடு, அக்கா பெயரிலேயே. சரிபாதி இல்லைதான். ஆனாலும் வெறும் அறையும் சோறும் அல்ல, சொந்த வீடு. அந்த அம்மா வீட்டில் என்ன பேசினார், எத்தனை நாள் பேசினார் என்று நான் கேட்கவில்லை.

அதற்காகத் தம்பி எழுதிய புதுப் பத்திரத்தை அக்கா என் மேஜைமேல் வைத்தார். வேறு வக்கீலிடம் போயிருக்கலாம். என்னிடமே வந்தார்.

"இந்தத் தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

உடனே தலையாட்டாமல், ஒரு நாள் அவகாசம் கேட்டேன். ஒவ்வொரு வரியையும் இந்த ஊர்ச் சட்டத்தோடு ஒத்துப் பார்த்தபிறகே மறுநாள் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பெண்கள் என்னிடம் வந்து போய்விட்டார்கள். "இப்போது தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று அவர்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. அந்த ஒரு வார்த்தையை விழுங்கியதற்காக ஒரு பெண் பத்து நாள் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு தன் அப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள் என்பதை நான் எப்படி மறப்பேன்?