நடுங்காத எண்

நூற்றிருபத்தேழு. திரையில் நின்ற அந்த எண்ணைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் இரத்தத்தைப் பார்த்தேன். ஓடும் தண்ணீரின் அளவு ஒரே எண்ணில் நிற்பதில்லை. சற்றுக் கூடும், சற்றுக் குறையும், நடுங்கிக்கொண்டேயிருக்கும். அன்று அது நடுங்கவில்லை. வலிகாமத்துக் கரையோரக் குடிநீர் ஆலை ஒன்றுக்கு நான் பொறுப்புப் பொறியியலாளர். தண்ணீர் இறைக்கும் பம்பி வெடித்து, கொதிநீரும் இரும்புத் துண்டுகளும் மெக்கானிக்கின் முகத்தில் பாய்ந்திருந்தன. அவர் முகத்தைப் பொத்தியபடி நிலத்தில் உருண்டார். திரைக்கு முன்னால் நின்று பம்பியை இயக்கும் ஒப்பரேற்றர் அவருடைய மனைவியின் தம்பி. “தண்ணி ஓடுது அத்தான், பயமில்லை, கிட்டப் போய்ப் பாருங்கோ எண்டு நான்தானே சொன்னனான்!” என்று அலறினான்.

நான் அவனை அறைந்தேன். விழுந்தவனை உதைத்தேன். “நித்திரையோடா கொண்டனீ?” அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. “எண் நல்லாத்தானே ஐயா காட்டினது” என்றான். மறுபடியும் உதைத்தேன். உதைக்கும்போதே பிழை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் அந்த மீற்றர், தான் பழுதுபட்டால் என்ன சமிக்ஞை அனுப்பவேண்டும் என்பதை நாமே தீர்மானித்து வைக்கலாம். அளவு அடிமட்டத்துக்கு இறங்கும்படி வைத்தால் பம்பி தானாக நிற்கும். அப்படித்தான் வைத்திருந்தோம். ஆனால் சிறு காற்றுக் குமிழுக்கும் அது பழுதென்று சொல்லிப் பம்பியை நிறுத்தியது. மேலிடத்திலிருந்து எனக்கு ஓயாத ஏச்சு. ஒருவருக்கும் சொல்லாமல், பழுதானால் கடைசியாக அளந்த எண்ணையே காட்டும்படி மாற்றினேன். ஏச்சு நின்றது. பிறகு உள்வரும் குழாய் அடைபட்டுத் தண்ணீர் நின்று காற்றுப் புகுந்தபோது, மீற்றர் அதைப் பழுதென்று எடுத்து, நான் பணித்தபடியே கடைசி எண்ணைக் காட்டி நின்றது. பம்பி நிற்காமல் சுழன்று, உள்ளே எஞ்சிய தண்ணீர் கொதித்து வெடித்தது.

விசாரணைக்கு ஆட்கள் வருமுன் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைத்தேன். பம்பியைத் தானாக நிற்கவிடாமல் செய்தவன் ஒப்பரேற்றர்தான் என்று சாட்சி சொன்னேன். அவன் மறுத்தான், ஒருவரும் நம்பவில்லை. வேலை போனது. மெக்கானிக்கின் மனைவியான அவனுடைய அக்கா அவன் முகத்தில் முழிப்பதை விட்டாள்.

சென்ற மாதம் கீரிமலைக் கேணிப் படியில் மெக்கானிக்கைக் கண்டேன். ஒரு கண் இருந்த இடத்தில் வடு. “அண்டைக்கு நீங்கள் உவனுக்குப் போட்டது காணாது ஐயா, இன்னும் போட்டிருக்கோணும்” என்று சிரித்தார். நான் குளிக்காமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் சண்டிலிப்பாய்க்குப் போனேன். புகையிலைத் தோட்டத்தில் நின்ற ஒப்பரேற்றரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டான்: “அடிக்கேக்கை உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்” என்றேன்.

கன்னத்தில் விழுந்த அறையில் என் வாய்க்குள் இரத்தம் உப்புக்கரித்தது. சட்டைக் கழுத்தைப் பிடித்து வரம்பு வழியே இழுத்தான். “எனக்குச் சொல்லிக் காணாது. அக்காவுக்குச் சொல்லு. நட!”

அக்காவின் முற்றத்தில், அந்த ஒற்றைக்கண் மனிதருக்கு முன்னாலும் சொன்னேன். நூற்றிருபத்தேழு நடுங்கவில்லை என்பதையும், அது ஏன் என்பதையும் சொன்னேன். என் குரல் நடுங்கியது. அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. என் சட்டையை இன்னும் விடாமல் நின்ற தம்பியிடம், “அந்தாளை விட்டிட்டு உள்ளுக்கு வாடா” என்றாள்.