நவம்பருக்கு முன்னால் ஒரு வாளி பீர்

என் கணவர் நெவிலுக்கு எதைச் செய்வதற்கும் ஒரு சாக்கு வேண்டும். சும்மா காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. தபால் போட்டுவிட்டு வருகிறேன் என்பார். கையில் தபால் இருக்காது. யார்க்‌ஷயர் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் என்று என் அக்கா சமாதானம் சொல்வாள். அவள் கட்டிக்கொண்டது பக்கத்து மாவட்டத்து லங்காஷயர்காரரை. அவளுக்கென்ன, சொல்லுவாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை நெவில் ஒரே தடத்தில் பஸ் ஓட்டினார். மேடேறி ஆஸ்பத்திரி வாசல், திரும்ப இறங்கி மார்க்கெட். ஏறுகிற ஒவ்வொருவரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார், தடியூன்றி வரும் கிழவரைக்கூட. வீடு வந்து சேரும்போது பேச்சு தீர்ந்துபோயிருக்கும். மிச்சம் மீதி இருந்தால் அது வியாழக்கிழமை சாயங்காலம் தெருமுனை பப்பில், டாமினோ ஆட்டத்தில், வில்ஃபுக்கு. வில்ஃப் அதே டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர்.

வசந்தத்தில் வில்ஃபின் மனைவி ஐரிஸ் இறந்துபோனாள். ஆகஸ்டில் அந்த பப்பையும் இழுத்து மூடினார்கள். அதற்குப் பிறகு வில்ஃபைக் கண்ணால் காணோம். ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போய்வந்த நெவில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றார்.

“வில்ஃபப் பாத்தேன். ஒத்த டின் சூப்பு வாங்கிட்டு நின்னான். குரலே கட்டிப்போயிருக்கு. யார்கிட்டயும் பேசறதில்ல போல.”

“கூப்பிட வேண்டியதுதானே. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போகட்டும்.”

“சும்மா எப்படிக் கூப்பிடறது?”

“சும்மாதான்.”

“சும்மா கூப்பிட்டா, பரிதாபப்பட்டுக் கூப்பிடறேன்னு நினைப்பான், டோரீன்.”

“பரிதாபம்தானே படறே?”

“அது அவனுக்குத் தெரியணுமா?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு மனிதர் பேச்சுத் துணையில்லாமல் கிடக்கிறார், இங்கே இவர் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அந்தச் சனிக்கிழமை சர்ச்சில் பழைய சாமான் விற்பனை. அங்கிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டிலேயே பீர் தயாரிக்கும் சாமான்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய், பெரிய டின் நிறைய பார்லி மால்ட் பாகு, புளிக்கவைக்க ஒரு பொட்டலம் ஈஸ்ட். டின்னில் போட்டிருந்த தேதி எங்கள் பேரன் பிறப்பதற்கு முந்தையது. பேரனுக்கு இப்போது மீசை முளைக்கிறது.

“வீட்டுல காய்ச்சின பீருக்கு ருசி பாக்க ஆள் வேணும்ல,” என்றார் நெவில். “இதுக்குன்னா வருவான்.”

செய்முறைத் தாளை எடுத்து நீட்டினேன். “பஸ் ஓட்டினவன் வழி கேப்பானா?” என்று அதை ஜன்னலோரம் வைத்துவிட்டார். பீர் பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் கோல் இருந்தது, மிதக்கவிட்டு அளப்பதற்கு. கழுவும்போதே அது கைநழுவித் தொட்டியில் விழுந்து உடைந்தது. பாகு அடுப்பிலும் தரையிலும் என் செருப்பிலும் ஒட்டியது. எப்படியோ பாகும் சர்க்கரையும் வெந்நீருமாக வாளி நிறைந்தது. ஈஸ்டைத் தூவி மூடினார். மூடியில் ஒரு வளைந்த குழாய், அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே பீர் பொங்கினால் அந்தத் தண்ணீரில் குமிழி வர வேண்டும்.

வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாளிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்ன, அடைகாக்கறியா?” என்றேன்.

 கடைசியில் நான்தான் மார்க்கெட்டில் பீர் சாமான் விற்கும் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, அந்த ஈஸ்ட் எப்போதோ செத்திருக்கும் என்று தெரிந்துகொண்டு, புதுப் பொட்டலம் வாங்கிவந்தேன். அதைப் போட்ட மறுநாள் காலை நெவில் மாடிக்கு ஓடி வந்து என்னை எழுப்பினார். “வந்து கேளு, கண்ணு.” குளுக் குளுக்கென்று குமிழி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. அப்போதே வில்ஃபுக்கு ஃபோன் போட்டு அக்டோபர் கடைசி வியாழனுக்கு வரச் சொன்னார்.  அதற்கு வில்ஃப், “விஷமா இல்லையான்னு சொல்ல ஒருத்தன் வேணும்ல, வரேன்,” என்றாராம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிருக்கும், எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இல்லாதிருந்தால். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை நவம்பர் பிறக்கும்முன் போடக் கூடாது. நெவிலின் அப்பா காலத்துச் சட்டம். வாயைத் திறந்தால் புகை வரும், நான் கோட்டுப் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு உரிப்பேன், சட்டம் சட்டம்தான். அந்த அக்டோபரில் குளிர் எலும்பைத் துளைத்தது. குமிழி குறைந்தது. பிறகு நின்றேவிட்டது.

“முடிஞ்சுது,” என்றார். “பீர் ஆயிடுச்சு.”

“குளிர்ல விறைச்சுப் போச்சோ என்னவோ.”

“ஒனக்கு என்ன தெரியும்?”

எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கும் தெரியாது. அளக்கிற கோல்தான் குப்பையில் கிடக்கிறதே. பாட்டில்களில் ஊற்றி, நுரைப்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, சுத்தியலால் தட்டி மூடி இறுக்கி, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் அடுக்கினார். ஹீட்டரின் சுடுநீர்க் குழாய்கள் அந்த அலமாரி வழியாகத்தான் போகின்றன.

வில்ஃப் வரவேண்டிய வாரம் நான் ஹீட்டரைப் போட்டேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர் என் வீட்டில் நடுங்கிக்கொண்டு உட்காரக் கூடாது. நெவில் உள்ளே வந்ததும் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

“யார் போட்டது?”

“நான்தான். வில்ஃப் வர்றாரு. வீடு கொஞ்சம் காயட்டும்.”

குழாயிலிருந்து கையை எடுத்து, கோட்டைக் கழற்றி மாட்டினார். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டம் மீறப்பட்டது அன்றுதான்.

வியாழன் மத்தியானம் முதல் பாட்டில் வெடித்தது. பக்கத்து வீட்டில் ஏதோ இடிந்து விழுந்தது என்று நினைத்தேன். உடனே அடுத்தது. பிறகு வரிசையாக. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் அதன் பின்னால் நின்றோம். பீர் முடிந்திருக்கவே இல்லை. குளிரில் தூங்கிப்போன ஈஸ்ட், சூடு கண்டதும் எழுந்து, மிச்ச இனிப்போடு அவர் போட்ட கரண்டிச் சர்க்கரையையும் தின்று பொங்கியிருக்கிறது. சத்தம் அடங்கிப் போய்ப் பார்த்தால் அலமாரிக் கதவு பிளந்திருந்தது. வாசல் நடையில் விரித்திருந்த கார்ப்பெட் முழுக்க பீரும் கண்ணாடித் தூளும்.

நெவில் படியில் உட்கார்ந்துவிட்டார். “ஃபோன் பண்ணி வரவேணாம்னு சொல்லிடு.”

“டீ இருக்கு, கறி அடைச்ச ரொட்டி சுட்டு வெச்சிருக்கேன்.”

“அதுக்கெல்லாம் வர மாட்டான், கண்ணு. பீருன்னுதான் சொன்னேன்.” கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், இன்னொரு பாட்டில் மிஞ்சியிருந்தால் அவர் தலையில் உடைத்திருப்பேன். ஒரு மனிதரை வீட்டுக்குக் கூப்பிட இவ்வளவு பாடா?

நான் ஃபோன் பண்ணவில்லை. அவரே பண்ணினார். “வில்ஃப், பீர் வெடிச்சிடுச்சு. வராதே.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

நான் கண்ணாடியைக் கூட்டி அள்ளுவதற்குள் கதவு தட்டப்பட்டது. வில்ஃப், பழைய டிப்போ உடுப்பில், கையில் துடைப்பானும் வாளியும்.

“எத்தன பாட்டில்?”

“எல்லாம்,” என்றார் நெவில்.

“யோவ், ஒண்ணாவது விட்டு வெச்சிருக்கலாம்ல.” குனிந்து கார்ப்பெட்டை மோந்தார். “இத இப்படியே விட்டா நாறும். தள்ளு.”

இருவரும் மண்டியிட்டுத் துடைத்தார்கள். நீ அழுத்தறது சரியில்லை, நீ பிழியறது சரியில்லை என்று ஒரே சண்டை. கறி ரொட்டியை வில்ஃப் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். “ஐரிஸ் இருந்திருந்தா இந்த நாத்தத்துக்கு நம்ம ரெண்டு பேரையும் வாசல்ல நிறுத்தியிருப்பா,” என்றார். சவ அடக்கத்துக்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பெயர் வந்து நான் கேட்டதில்லை. நெவில் டாமினோ பெட்டியை எடுத்துவந்தார்.

போகும்போது வில்ஃப் வாசலில் நின்று சொன்னார்: “கார்ப்பெட் இன்னும் ஈரந்தான். வர்ற வியாழன் வந்து ஒரு பார்வ பாக்கறேன்.”

“பாரு,” என்றார் நெவில்.

கார்ப்பெட் எப்போதோ காய்ந்துவிட்டது. கிறிஸ்மஸும் வந்து போய்விட்டது. இன்னும் ஒவ்வொரு வியாழனும் வில்ஃப் வந்து, குனிந்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “கொஞ்சம் ஈரம் இருக்கு,” என்கிறார். “ஆமா, இருக்கு,” என்கிறார் நெவில். அப்புறம்தான் இருவரும் ஆட உட்காருகிறார்கள். இந்த ஆண்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? போன வியாழன், வில்ஃப் வருவதற்குச் சற்று முன்னால், ஒரு குவளைத் தண்ணீரை நானே அந்த இடத்தில் ஊற்றிவைத்தேன்.