ஊர் பார்க்கிற சாக்கு

பெற்ற பிள்ளையைப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நாங்கள் சென்னையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். கிளம்பினோம் என்று சொல்வதுகூடத் தப்பு. திட்டம் போட்டோம். ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து போட்டோம்.

மகன் அங்கே என்ஜினீயரிங் மூன்றாம் வருடம். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரவில்லை. மே மாத லீவுக்கும் வரவில்லை. ஃபோனை எடுப்பான், 'ம்', 'சரிம்மா', 'சாப்பிட்டேன்' தவிர வேறு வார்த்தை வராது. பணமும் கேட்பதில்லை, ஸ்காலர்ஷிப் வருகிறது என்றான். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை பணம் கேட்காமல் இருப்பதைவிடக் கெட்ட சகுனம் உண்டா? என் வீட்டுக்காரர் நம்பினார். அவர் படகு என்ஜின் மெக்கானிக். இரும்பு பொய் சொல்லாது என்று பழகிப் பழகி மனிதர்களையும் அப்படியே நம்பிவிடுவார். நான் தையல்காரி. அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள்.

ஆகஸ்டில் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன், நாங்கள் வந்து உன்னைப் பார்க்கிறோம் என்று. அதற்கு அவன், "நீங்க என்னைப் பாக்க வாறதா இருந்தா நான் எங்கயாவது போயிருவேம்மா. அப்புறம் தேடாதிய" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கோபமே இல்லை அந்தக் குரலில். பஸ் வர லேட்டாகும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் படிக்கப்போய்ப் பெட்டியில் திரும்பி வந்த பிள்ளை ஒன்று நாங்கள் குடியிருக்கிற டெய்ரி ஃபார்ம் ஏரியாவிலேயே உண்டு. அந்தத் தாயை ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்க்கும்போதெல்லாம் நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் உட்காரும் பக்கமே நான் உட்காரவில்லை.

சாக்கைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர்தான். "அவனைப் பாக்க வாறோம்னு சொன்னாத்தான பிரச்சினை? சின்னவளுக்கு ஊர் காட்டப் போறோம்னு சொல்லு. அவ ரயிலே பாத்தது இல்லல்லா" என்றார்.

உண்மைதான். மகள் ஒன்பதாம் வகுப்பு. இந்தத் தீவில் பிறந்தவள், ரயிலைப் புத்தகத்திலும் ஃபோனிலும்தான் பார்த்திருக்கிறாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை, டூர் என்று மட்டும் சொன்னோம். "பக்கா? பக்கா தான அம்மா?" என்று வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வீடு பற்றி எரியும்போது ஒருத்தி வாசலில் கோலம் போடுகிற மாதிரி இருந்தது.

மகனிடமும் சொன்னோம். தங்கைக்கு ஊர் காட்ட வருகிறோம், உனக்குத் தொந்தரவு இல்லை, நீ படி என்று. வேண்டாம் என்பானோ என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டு நின்றேன். எனக்கே ஆச்சரியம், அவன் "சரிம்மா, நானே பிளான் போட்டுத் தாரேன்" என்றான்.

போட்டும் தந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. முதல் நாள் எழும்பூர் மியூசியம். உள்ளே போனதும் வெண்கலச் சிலை இருக்கிற கட்டடத்துக்கு முதலில் போங்கள், கூட்டம் சேர்ந்துவிடும். மறுநாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலை. தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள், நடை ஜாஸ்தி. அதற்கடுத்த நாள் மாமல்லபுரம். மெட்ரோவில் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும், மெரினாவில் எந்தப் பக்கம் இறங்கினால் மணலில் குறைவாக நடக்கலாம், எல்லாம் சொன்னான். தங்கச்சி கேட்கக் கேட்க அலுக்காமல் சொன்னான். இத்தனை மாதம் 'ம்' மட்டும் கொட்டியவன் இப்போது பேசுகிறானே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, தெளிஞ்சிட்டான்" என்றார்.

அந்தத் திட்டத்தில் எல்லா இடமும் இருந்தது, அவன் எந்த இடத்திலும் இல்லை. "ஏல, நீ எந்த நாள் எங்ககூட வருவ?" என்று கேட்டால், "எக்ஸாம்மா, கடைசி நாள் பாப்போம்" என்பான். கடைசி நாளைக் கேட்டால், "கடைசி நாள் நீங்க ஷிப்புக்குப் போகணும்லா" என்பான். எங்களைக் காலேஜ் பக்கமே அண்டவிடாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி விடுகிறான் என்று புரிந்தது. நான் யாருக்குப் பெற்றேன்? எனக்குத்தானே பெற்றேன்? எனக்கும் கொஞ்சம் கள்ளத்தனம் வரும். மாமல்லபுரத்து நாளில் மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் வைக்காமல் விட்டேன். அவனுக்குத் தெரியாமல் அன்றைக்கு நேரே காலேஜ் வாசலில் போய் நிற்பது என்று நானும் அவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அதற்குள் அவன் எங்கேயாவது போய்விட்டால்? இதையும் பேசினோம். அதாவது பேச ஆரம்பித்து, இரண்டு பேரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

கப்பல் புரோகிராம் வரவில்லை. கடல் சரியில்லை, தேதி சொல்ல முடியாது என்றார்கள். தினமும் அவர் வேலைக்குப் போகும் வழியில் டிக்கெட் கவுண்டரில் விசாரிப்பார். "கல் ஆனா" என்று நாளைக்கு வரச் சொல்வார்கள். நாளைக்குப் போனால் மறுபடி நாளை. எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. ஒரு வாடிக்கைக்காரியின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்துவிட்டு, அவளிடமே சண்டைக்கும் போனேன். மூன்று நாள் கடல் நடுவில் கிடக்கிறதே என்று கடலையே ஏசினேன். கடலுக்குக் காது உண்டா, மண்ணாங்கட்டி.

கடைசியில் தேதி வந்தது, டிக்கெட்டும் கிடைத்தது. லாட்ஜ் மட்டும் பாக்கி. எழும்பூர் பக்கம் ஒரு லாட்ஜ் நம்பரை யாரோ கொடுத்தார்கள். வயசுக்கு வந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறோம், பார்க்காமல் எப்படி ரூம் போடுவது என்று நான் அடம்பிடித்ததால், அந்த மேனேஜர் வீடியோ காலில் ரூமைக் காட்டினார். ஐந்து மணி தாண்டியிருக்கும். நான் இங்கே லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் கட்டிலைக் காட்டினார், பாத்ரூமைக் காட்டினார், பிறகு ஜன்னல் திரையை விலக்கினார். ஃபோன் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

"மேற்குப் பாத்த ரூம்மா. இந்நேரத்துக்குக் கொஞ்சம் வெயில் அடிக்கும், வேற ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார்.

சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். வைத்த சூட்டோடு மகன் கூப்பிட்டான். அவன் எப்போதும் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவான். தங்கச்சி என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி வீடியோ ஆக்கினாள், புது பேக் வாங்கியிருந்ததை அண்ணனுக்குக் காட்ட வேண்டுமாம். அவன் எங்கோ வெளியே நின்றுகொண்டிருந்தான். தலைக்கு மேல் ஒரு டியூப்லைட். பின்னால் நல்ல இருட்டு.

எத்தனை நாள் அந்த இருட்டைப் பார்த்திருக்கிறேன்! ஒரு நாளும் உறைக்கவில்லை. நான் இந்த ஊரில் பிறந்தவள். எங்களுக்கு ஐந்து மணி என்றால் இருட்டு, அதில் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு வருடம் மெயின்லேண்டில் இருந்த அவனுக்கும் அங்கே இந்நேரம் வெயில் இருக்கும் என்பது மறந்துபோயிருந்தது. அந்த மேனேஜர் திரையை விலக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஃபோனை வாங்கினேன். "ஏல, அங்க பொழுது அடைஞ்சிருச்சா?"

"ஆமாம்மா, இருட்டிருச்சு."

"சென்னையில இப்ப வெயில் அடிக்கி. இப்பத்தான் பாத்தேன். நீ எங்கல இருக்க?"

அவன் முகம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். இல்லை, கண் சிமிட்டினான். பிறகு ஃபோன் அணைந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தோம், சுவிட்ச் ஆஃப். மகள் பேக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, அண்ணனுக்கு என்ன?" என்று அழ ஆரம்பித்தாள். அவள் முதுகில் ஒன்று வைத்தேன், பிறகு நானும் அழுதேன்.

அவன் சொன்னது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. போயிருவேன், தேடாதிய. அதுவரை எனக்கு ஒரு ஊர் இருந்தது, ஒரு காலேஜ் வாசல் இருந்தது, போய் நிற்க ஒரு இடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இருட்டு இருக்கிறதென்றால் தீவில் இருக்கிறான், அல்லது எங்களைப் போலவே சீக்கிரம் இருட்டுகிற கல்கத்தா பக்கம் எங்கேயாவது இருக்கிறான். கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தால் நானே அவனை விரட்டிவிட்டேனோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அவர் தெரிந்த படகுக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டார். மாயாபந்தர், லாங் ஐலண்ட், ஹட்பே என்று தீவு தீவாகப் போட்டார். என்ஜின் பார்க்கிற ஆளுக்குத் தெரியாத படகு இல்லை. யாரும் பார்க்கவில்லை என்றார்கள்.

கடைசியாக பேம்பூஃப்ளாட்டில் இருக்கிற ஒருவருக்குப் போட்டார். எங்கள் பக்கத்துச் சாத்தம் ஜெட்டியில் நின்றால் எதிரே தெரிகிற கரை அது. ஃபெர்ரியில் ஏறி உட்கார்ந்து நிமிர்வதற்குள் வந்துவிடும். அந்த மனிதர் சாதாரணமாகச் சொன்னார். "உங்க பையனா? ஐஸ் ஃபேக்டரியிலதான வேலை பாக்கான். ஜூன்லருந்து பாக்கானே. உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளாம் ஒருத்தி. நான் அந்தப் பழமொழியை எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"போய்ப் பிடிச்சு வைங்க, நாங்க வாறோம்" என்று கத்தினேன். அவர் என் வாயைக் கையால் பொத்தி, "ஒண்ணும் கேக்காதிய, சும்மா பக்கத்துல மட்டும் இருந்துக்கங்க" என்று அந்த மனிதரிடம் சொன்னார். அவர் குரல் உடைந்து அன்றைக்குத்தான் கேட்டேன். மறுநாள் மகளை வீட்டில் விட்டுவிட்டு முதல் ஃபெர்ரியில் போனோம். போகிற வழி முழுக்க ஏச்சு தயாராக இருந்தது என்னிடம். கன்னத்தில் இரண்டு அறை, அதற்குப் பிறகு இன்னின்ன கேள்வி என்று வரிசையாக வைத்திருந்தேன்.

ஃபேக்டரிக்கு வெளியே, ஒரு கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்திருந்தான். அந்த மனிதர் கொஞ்சம் தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். மகன் எங்களைப் பார்த்து எழுந்தான், ஓடவில்லை. மெலிந்து போயிருந்தான். தோளில் நனைந்த சாக்கு. கை முழுக்க வெடிப்பு. நான் கையை ஓங்கிக்கொண்டு போனேன், போய் அந்தச் சாக்கை எடுத்துக் கீழே எறிந்தேன். அதுதான் என்னால் முடிந்தது.

"ஏம்ல? வீடு அந்தா எதிர்க்கரையிலதான இருக்கு? பாத்தா தெரியுதுல்லா?"

"தெரியும்மா."

"பெறகு?"

"அஞ்சு பேப்பர் போயிருச்சு. அங்க இருக்க முடியல. கப்பல் ஏறிட்டேன். ஹாடோ துறைமுகத்துல எறங்கி மேல நம்ம வீட்டுப் பக்கம் பாத்தேன். வீட்டுக்கு வந்து என்ன சொல்லன்னு தெரியல."

அவர் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கெட்டுப்போன என்ஜின் பாகத்தைப் பார்க்கிற மாதிரி. பிறகு அவனுடைய பையை எடுத்துக்கொண்டு ஜெட்டிப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

ஃபெர்ரியில் மூன்று பேரும் கம்பியோரமாக நின்றோம். பேசாமல் வந்தால் எனக்கு மூச்சு முட்டும். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "ஒரு வார்த்தை பேசாதவன், டூருக்கு மட்டும் அம்புட்டு விவரமாச் சொன்னியே. மியூசியத்துல எந்தக் கட்டடம், மெட்ரோவுல எந்தப் பக்கம் எறங்கணும்னு. சிலையெல்லாம் அவ்வளவு நல்லாவா இருக்கும்?"

"தெரியாதும்மா. எல்லாம் ஃபோன்ல பாத்துச் சொன்னதுதான். நான் ஒண்ணும் பாத்ததில்ல."

"ரெண்டு வருஷம் அங்கதானல இருந்த? பீச்சுக்குக்கூடப் போகலயா?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "யார்கூடம்மா போறது?"

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். சாத்தம் வந்ததும் பைக்குகளும் ஆட்டோக்களும் முதலில் இறங்கின. எல்லோரும் போகட்டும் என்று நின்று, நாங்கள் மூன்று பேரும் கடைசியாக இறங்கினோம்.