டோயல் டாட்லாக் புகழ்ந்த தக்காளி கிரேவி

டோயல் டாட்லாக் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை கேஸ் லாரி ஓட்டியவர். கேன் கிரீக் ஊரைச் சுற்றியுள்ள வீடுகளின் கொல்லையில் வெள்ளையாக நிற்கும் கேஸ் டாங்குகளை எல்லாம் அவர் கைதான் நிரப்பியது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பது அவருக்கு அத்துப்படி. இப்படி ஊர் அடுப்பையெல்லாம் எரிய வைத்த மனிதர் சொந்த வீட்டு அடுப்பை ஒரு நாளும் திருகிப் பார்த்ததில்லை. திருகச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் மெனக்கெடவில்லை.

சமையலறையில் அவருக்கு இருந்த ஒரே வேலை உட்காருவது. காலையில் அவர் பெண்டாட்டி ஏர்லீன் சுடச்சுட பிஸ்கட் ரொட்டியைப் பிட்டுத் தட்டில் வைத்து, மேலே தக்காளி கிரேவியை ஊற்றுவாள். பன்றிக் கொழுப்பில் மைதாவைச் சிவக்க வறுத்து, கோடையில் அவளே பாட்டிலில் அடைத்து வைத்த தக்காளியைக் கொட்டி, கொஞ்சம் பால் விட்டு, மிளகு தூக்கலாகப் போட்டுச் செய்தது. டோயல் சாப்பிடுவார். மிச்சத்தை ரொட்டியால் துடைத்து வாயில் போட்டுக்கொள்வார். "சரி" என்பார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணமான நாள் முதல் ஏர்லீனுக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் அந்த "சரி" ஒன்றுதான்.

மனிதரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஊர் வளர்ப்பு அப்படி. தன் பெண்டாட்டியின் கைப்பக்குவத்தை நாலு பேர் முன்னால் மெச்சினால் அதற்குப் பெயர் தலைக்கனம். அடுத்த வீட்டுக்காரி போட்ட பண்டத்தை வாயாரப் புகழாமல் எழுந்து வந்தால் அது மரியாதைக் கேடு. டோயலின் அம்மா இரண்டையும் குச்சியும் கையுமாக நின்று சொல்லிக் கொடுத்திருந்தாள். வீட்டுக்குள், யாரும் இல்லாத நேரத்தில், மெச்சிக்கொள்ளலாம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

வினை சபைக் கூடத்தில் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் எல்லோருக்கும் அங்கே காலைச் சாப்பாடு. கிரேவி ஒரு மாதம் ஏர்லீன் முறை, மறுமாதம் நடீன் கிரம்ப் முறை. நடீன் சாலைத் திருப்பத்து வீட்டுக்காரி. தக்காளி கிரேவியில் சர்க்கரை போடுகிறவள். அன்றைக்கு அவள் கரண்டியோடு டோயலின் தோளருகிலேயே நின்றுகொண்டாள். ஒரு கரண்டி உள்ளே போயிற்று. அவள் நகரவில்லை. டோயல் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். அப்போதும் நகரவில்லை. வளர்ப்பு சும்மா இருக்குமா?

"நடீன், இப்படி ஒரு கிரேவிய என் ஆயுசுல சாப்பிட்டதில்ல" என்றார்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பாஸ்டர் ஜெபத்துக்கு எழுந்தார், கூடமே அடங்கியது. டோயலுக்கோ கேஸ் லாரி இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய குரல். கடைசி வரிசையில் காது மந்தமான கிழவருக்கும் கேட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த ஏர்லீன் கையிலிருந்த முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

ஏர்லீன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்று சாயங்காலமே முடிந்திருக்கும். அவள் மரியாதை கொடுக்க ஆரம்பித்தாள். மறுநாள் காலை டோயல் மேஜையில் உட்கார்ந்தபோது தட்டில் ரொட்டி இருந்தது, பக்கத்தில் கடையில் வாங்கிய ஜாம் இருந்தது, கிரேவி இல்லை.

"மிஸ்டர் டாட்லாக், இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள்.

வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று டோயல் திரும்பிப் பார்த்தார். அவரை அப்படி அழைப்பவர்கள் பாங்க்காரரும் டாக்டரும்தான், இரண்டு பேருமே நல்ல செய்தி சொன்னதில்லை. ஜாமும் மரியாதையுமாக நாட்கள் போயின. "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டனா?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லையே என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அதற்குப் பதிலாக அவரைக் கரண்டியால் ஒன்று போட்டிருக்கலாம். அடுத்த முதல் ஞாயிறு நெருங்கியது. அவள் முறை. கிரேவியை இனி நடீனே செய்யட்டும் என்று தொலைபேசியில் யாரிடமோ சொல்வது டோயல் காதில் விழுந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இது ஒரு தட்டுக் கிரேவியோடு நிற்கிற சமாசாரமில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவளே போய்விட்டாள். விருந்தாளியைக் கவனிக்கிற யாரோ ஒருத்திதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை ஏர்லீன் தலைமுடி சுருட்டிக்கொள்ளப் பார்லருக்குப் போனாள். டோயல் இடுப்பில் துண்டைக் கட்டினார். தானே கிரேவி செய்து, அவள் வரும்போது மேஜையில் வைத்து, மன்னிப்புக் கேட்பதாக ஏற்பாடு. தினமும் பார்த்ததுதானே, என்ன பெரிய கம்பசூத்திரம் என்று நினைத்தார். அவர் பார்த்ததெல்லாம் தட்டைத்தான், அடுப்பை அல்ல.

அடுப்போரத்துக் காபி டப்பாவில் ஏர்லீன் பன்றிக் கொழுப்பைச் சேர்த்து வைத்திருப்பாள். இரும்பு வாணலியில் அதை அள்ளிப் போட்டு, தக்காளியைக் கொட்டி, அதற்கும் பிறகு மைதாவைத் தூவினார். கோலி உருண்டைகள் மிதந்தன. பட்டர் என்ற தன் வேட்டை நாய்க்கு வைத்தார். செத்த எலியைத் தின்கிற நாய் அது, முகர்ந்து பார்த்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டாம் முறை மைதாவை முதலில் போட்டார். அது சிவந்ததா, போதுமா என்று யோசித்து முடிப்பதற்குள் கரியாகிவிட்டது. வாணலியில் ஒட்டியதைச் சோப்புப் போட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தேய் தேயென்று தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினார். மூன்றாம் முறைக்கு டப்பாவைக் கவிழ்த்தால் அடியில் தகரம் தெரிந்தது.

கொழுப்பு கிடைக்கும் கிட்டத்து வீடு நடீன் வீடு. போகக் கூடாது என்று அவருக்கும் தெரியும். போனார். ஊர் கண்ணில் படாமலிருக்க வண்டியைக் கொல்லைப்புறத்தில், தான் எத்தனையோ முறை நிரப்பிய டாங்குக்குப் பின்னால் நிறுத்தினார். கர்த்தர் கிருபையால் நடீனும் பார்லருக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் வெண்டல் தனியாக இருந்தான். விஷயத்தைக் கேட்டு, கொஞ்சம் கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வழித்துக் கொடுத்தான்.

"ஒண்ணு சொல்றேன், செத்தாலும் வெளிய விட்றாத. எனக்கு ஏர்லீன் கிரேவின்னா உசுரு. இவ வைக்கிறது பாயசம்" என்றான் வெண்டல்.

"அத ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?"

"நான் என்ன உன்ன மாதிரி முட்டாளா?"

மூன்றாவது கிரேவி ஒருவாறு கிரேவியைப் போல இருந்தது. நிறம் மட்டும் செங்கல் கரைத்த தண்ணீர். ஏர்லீன் புதுச் சுருள்களோடு உள்ளே வந்தபோது டோயல் தட்டைப் போட்டு, துண்டைக்கூட அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தார். அவள் தட்டைப் பார்க்கவில்லை. தொட்டியோரம் கழுவிக் கவிழ்த்திருந்த வாணலியைப் பார்த்தாள். வருஷக்கணக்கில் கொழுப்பு ஏறிக் கறுகறுவென்று மின்னிய வாணலி வெளுத்துச் சாம்பலாகக் கிடந்தது.

"சோப்பா போட்ட? டோயல், நீ இரும்பு வாணலில சோப்பா போட்ட?"

மிஸ்டர் போய்விட்டது. டோயலுக்கு அந்த நிமிஷம் கண்ணில் நீர் முட்டியது, சந்தோஷத்தில். அவள் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். அந்தப் பதார்த்தம் மெல்ல வேண்டியதாகத்தான் இருந்தது. பிறகு, இது யார் வீட்டுக் கொழுப்பு என்று கேட்டாள். தன் டப்பாவின் ருசி அவளுக்குத் தெரியாதா? டோயல் ஒன்று விடாமல் கக்கினார். வெண்டல் சொன்னதை மட்டும் விழுங்கிக்கொண்டார்.

"சர்ச்சுல அப்பிடித்தான ஏர்லீன் சொல்லணும்? மரியாதைக்குச் சொன்னது."

"சரி. வீட்டுல என்ன சொல்லணும்?"

டோயல் வாயைத் திறந்தார். நாற்பது வருஷத்துச் "சரி"கள் வரிசையாக வந்து வழியை அடைத்துக்கொண்டன. அவள் கிண்ணத்தில் மிச்சமிருந்த கொழுப்பை வாணலிக்குத் தடவ எழுந்து போனாள்.

ஞாயிறன்று கிரேவியோடு வந்தது ஏர்லீன்தான். முறையை விட்டால் நடீன் ஜெயித்ததாகிவிடும், அது நடக்கிற காரியமா? பாஸ்டர் ஜெபத்துக்கு எழும் நேரம் டோயல் முந்திக்கொண்டு எழுந்தார். நாற்காலி கீச்சென்றது.

"பாஸ்டர், ஒரு வார்த்தை. இந்தக் கிரேவி என் பொண்டாட்டி செஞ்சது. இந்த ஜில்லாவுல இதவிட நல்ல கிரேவி கிடையாது. நாற்பது வருஷமா தின்னுட்டு நான் சொல்லாம விட்டுட்டேன். அவ்ளோதான்."

அந்தக் கூடத்தில் திருட்டை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு, குடியை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு, சொந்தப் பெண்டாட்டியின் கிரேவியைப் புகழ்ந்தவர் எவருமில்லை. பாஸ்டர் ஆமென் சொல்வதா வேண்டாமா என்று விழித்தார். நடீன் உதட்டைச் சுழித்தாள். வெண்டல் தட்டை விட்டுத் தலை தூக்கவே இல்லை, ஆனால் பிற்பாடு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். ஏர்லீன் கழுத்துவரை சிவந்து, மேஜைக்கு அடியில் டோயலின் காலை நன்றாக மிதித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அர்ச்சனை. இப்படியா தம்பட்டம் அடிப்பது, உங்கம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள், நாளைக்கு நான் எப்படிக் கடைத்தெருவில் தலைகாட்டுவேன் என்று நிறுத்தாமல் திட்டினாள். ஒவ்வொரு வசவிலும் டோயல் என்று பெயர் வந்தது. அவர் சாலையைப் பார்த்துச் சிரித்தபடி ஓட்டினார்.

வாசலில் வண்டி நின்றதும் ஏர்லீன் உடனே இறங்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வீடு தள்ளி அடிக்கிற தொலைபேசி யாருடையது என்று சொல்லக்கூடிய காது அவளுக்கு.

"டோயல், அங்க எந்திரிச்சு நின்னு என்னமோ சொன்னியே, என்ன அது?" என்றாள். "எனக்குச் சரியாக் காதுல விழல."